கட்டடச் சிற்பியின் கடிதங்கள்

பெரியோர் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட கடிதங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் பல தேசங்களிலும் உளர். அவர்களுள் பெயர் பெற்ற கட்டடச் சிற்பிகளின் கடிதங்களையே நாடுவோர் ஒரு சிறு கூட்டத்தார். பணமும் ஓய்வும் படைத்த சிலரது வீண் விளையாட்டு இது என்று நம்மவரிற் பலர் எண்ணுவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நம் இராஜதானியாகிய புது டெல்லி எழுந்த கதையில் சர்க்கார் தஸ்தாவேஜுகள் சொல்லாமல் விட்ட பகுதியை, ஒரு சிற்பி தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களே நமக்குச் சொல்கின்றன.

அச்சிற்பி எட்வின் லுட்யன்ஸ். இராஜதானி கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று 1911 டிசம்பர் 12-ஆம் தேதி தர்பாரில் அறிவிக்கப்பட்டது. மறு வருஷமே நகர் அமைக்கும் கமிட்டியில் ஒருவராக அவர் இங்கு வந்தார். அதன்பின் பல குளிர்காலங்களில் கப்பலேறி வந்து போனார். வந்த இடத்திலிருந்தெல்லாம் மனைவிக்கு எழுதினார். அந்த அம்மையாரின் பெயர் எமிலி. முன்னாள் இராஜப்பிரதிநிதி லிட்டன் பிரபுவின் குமாரத்தி. 1878-இல் சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டச் சட்டம் செய்த அதே லிட்டன்தான். பத்திரிகைத் தொழிலில் உள்ள நாம் எளிதில் மறக்கக்கூடிய பெயரன்று. ஆனால் மகள் போன வழி வேறு. அவர் பிரம்மஞான சபையிற் சேர்ந்தார். அடையாற்றில் கண்டெடுக்கப்பட்ட பாலர் ஜே. கிருஷ்ணமூர்த்தியைத் தம் மகனைப்போல் பாராட்டினார். அன்னி பெஸண்ட் அம்மையாரின் ஹோம்ரூல் கிளர்ச்சிக்கும் துணை நின்றார். கணவர் ஏகாதிபத்தியத்திற்கு மாளிகை எழுப்பிக்கொண்டிருக்க, மனைவி அம்மாளிகையில் இருப்பவரின் அதிகாரத்தைக் குறைக்கும்படி பேசிவந்தார்! இவ்விருவரிடையே நடந்த கடிதப் போக்குவரத்து எவ்வளவு ருசிகரமாயிருக்கும் என்று நேயர்களே ஊகிக்கலாம்.

அக்கடிதங்களில் எழுத்தினிடையே சிறு சித்திரங்களும் வரும். நம் நாட்டுச் சிற்பத்தைப் பற்றிய இகழ்ச்சியும் தாராளமாக வரும். இந்தியாவில் உண்மையான கட்டடக் கலை என்று ஒன்று உண்டு என்பதையே அவர் ஒப்பவில்லை. இராஜப்பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு, புதிய கட்டடங்களில் இந்திய சாயல் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தியது அவருக்குப் பெரும் தலைவேதனையாயிற்று. எனினும் அவர் கட்டி முடித்த மாளிகையைப் பாருங்கள். சாஞ்சி ஸ்தூபத்தை நினைவூட்டும் குவிமாடம், வெயிலுக்கு நிழல் தரும் நீண்ட சஜ்ஜா, கூரைமேல் சத்ரிகள். வாய் இகழ்ந்ததைக் கை எடுத்துக்கொண்டது. கடிதங்கள் இல்லையெனில் இந்த முரண்பாட்டை நாம் எங்கே கண்டிருப்போம்?

கூட வேலை செய்த ஹெர்பர்ட் பேக்கரோடு மூண்ட சண்டையும் இவற்றில் விரிகிறது. ரைஸினா மேட்டின் மீது ஏறும் பாதையின் சரிவு, கீழிருந்து வருபவர் கண்ணுக்கு மாளிகையை மறைத்துவிடும் என்பதை லுட்யன்ஸ் 1916-இல்தான் உணர்ந்தார். முன்பு அவரே ஒப்புக்கொண்ட ஏற்பாடுதான் அது. 1922 வரை மேலிடங்களில் வாதாடிப் பார்த்தும் பயனில்லை. இன்றும் மேட்டின் அடிவாரத்தில் நிற்பவருக்குக் குவிமாடம் மட்டுமே தெரியும், மாளிகை தெரியாது.

கையொப்பத்திற்கே விலை பேசும் வியாபாரிக்கு இவற்றால் ஆவதென்ன? சென்ற நூற்றாண்டுகளில் கடிதத்தின் அடியிலுள்ள கையொப்பத்தைக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு, மீதியை எறிந்தோர் பலர். அது கோவிலை இடித்துக் கலசத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதை ஒக்கும். ஒரு கட்டைப் பிரித்துத் தாள் தாளாக விற்பதும் ஏறக்குறைய அதே பாவந்தான். லுட்யன்ஸின் குடும்பக் கடிதங்கள் அவ்வாறு சிதறாமல் லண்டனில் பிரிட்டிஷ் கட்டடச் சிற்பிகளின் ராயல் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்தன. அதனாலேயே 1985-இல் அவற்றின் ஒரு பகுதி புஸ்தகமாக வெளிவர முடிந்தது.

சட்ட சம்பந்தமாகவும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். விலை கொடுத்து வாங்கியவருக்குத் தாள் சொந்தம், வாசகம் சொந்தமன்று. கவிஞர் போப், கர்ல் என்னும் பிரசுரகர்த்தர்மீது தொடுத்த வழக்கில், 1741-இல் ஹார்ட்விக் பிரபு வகுத்த நியாயம் இது. நம் நாட்டிலோ 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருட் சட்டப்படி, சரித்திர மதிப்புள்ள தஸ்தாவேஜு 75 வயது கடந்ததானால், சர்க்காரைத் தவிர எவரும் அதைத் தேசத்திற்கு வெளியே அனுப்பலாகாது. டெல்லி நிர்மாண காலத்துக் கடிதம் எதுவும் இன்று இவ்வேலிக்குள் அடங்கியதே. சண்டிகரை வகுத்த லெ கொர்புசியேயின் கதை வேறு. அவர் 1951-இல் எழுதிய தாளுக்கு 2026-இல்தான் அவ்வயது நிறையும். அந்நகரின் அலுவலக நாற்காலிகளும் மேஜைகளும் கழிவுப் பொருளாக விற்கப்பட்டு, வெளிநாட்டு ஏலங்களில் கொள்ளை விலைக்குப் போனதை நாடு அறியும். கடிதம் நாற்காலியைவிட எளிதாய்ப் பயணம் செய்யும்.

கடிதம் வாங்கப் புகுவோர், டைப் அடித்துக் கையொப்பம் மட்டும் இட்ட காரியாலயக் கடிதத்தையும், முழுதும் கைப்பட எழுதியதையும் ஒன்றாகக் கருதலாகாது. காரியதரிசி தம் எஜமானர் பெயரை எழுதிவிடுவதும் உண்டு. அசல் மசி காகிதத்தில் ஊறியிருக்கும். அச்சுப் பிரதியில் புள்ளிகள் பூதக்கண்ணாடிக்குப் புலப்படும். வாங்கியபின் பசை நாடா ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையிட்டு உருக்கி மூடுவதும், சுவரில் வெயில்பட மாட்டுவதும் கூடாது. அமிலமற்ற காகித உறையில், ஈரமில்லாத இடத்தில் வைத்தல் போதும்.

நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. புது டெல்லியை லுட்யன்ஸ் ஒருவரா கட்டினார்? சுஜான் சிங், அவர் மகன் சோபா சிங் போன்ற கண்டிராக்டர்கள் இருந்தனர். கல் தச்சர்கள் இருந்தனர். சென்னை மாகாணத்திலிருந்து சென்று இராஜதானிக் காரியாலயங்களில் கணக்கெழுதிய குமாஸ்தாக்கள் இருந்தனர். வெள்ளைக்காரச் சிற்பி சாரம் கட்டிய வேலைக்காரரைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை நாம் படிக்கலாம். சாரத்தின் மேல் நின்றவன் சிற்பியைப் பற்றி ஊருக்கு என்ன எழுதினான் என்பதைப் படிக்க எங்கே போவது? அத்தகைய கடிதம் நம் வீடுகளில் ஒரு பழைய தகரப் பெட்டியில் கிடக்கலாம். போகிப் பண்டிகைக்கு முன் அன்பர்கள் அப்பெட்டியை ஒரு முறை திறந்து பார்க்கவேண்டுமென்று கோருகிறோம். தனிப்பட்டவர்களின் கடிதங்களை டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் ஏற்றுக் காத்துவருகிறது. 1926-இல் முடிந்த அதன் பழைய கட்டடத்திற்குப் படம் வரைந்தவரும் அந்த லுட்யன்ஸே.