ஐ லவ் லூசி தொடரின் தயாரிப்பு முறை

ஐ லவ் லூசி என்பது ஐக்கிய அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1951 அக்டோபர் 15 முதல் 1957 மே 6 வரை ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடராகும். லூசில் பால், அவருடைய கணவர் டெசி ஆர்னாஸ் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். பார்வையாளர் முன்னிலையில், மூன்று படக்கருவிகளைக் கொண்டு ஒரே நேரத்தில் படச்சுருளில் பதிவு செய்யும் முறையை நிலைபெறச் செய்த தொடராக இது அறியப்படுகின்றது. இம்முறையின் கூறுகள் சில இதற்கு முன்னரும் கையாளப்பட்டிருந்தன.

பின்னணி

அக்காலத்தில் பல நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயின. தொலைவிலுள்ள நகரங்களுக்கு, தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்து எடுத்த தெளிவு குறைந்த பிரதிகளே அனுப்பப்பட்டன. ஆகவே விளம்பரதாரரான பிலிப் மோரிஸ் நிறுவனம் தொடரை நியூயார்க்கில் தயாரிக்க விரும்பியது. நடிகர் இணையரோ ஹாலிவுட்டை விட்டு நீங்க விரும்பவில்லை. படச்சுருளில் பதிவு செய்தால் நாடு முழுவதும் ஒரே தரத்தில் ஒளிபரப்பலாம். ஆனால் செலவு கூடும். எனவே இருவரும் தமது ஊதியத்தைக் குறைத்துக்கொண்டனர். அதற்கு ஈடாக, பதிவுகளின் உரிமை அவர்களுடைய டெசிலு நிறுவனத்துக்குக் கிடைத்தது.

எழுத்துப் பணி

தொடக்க ஆண்டுகளில் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கரோல் ஆகிய மூவரே கதைகளை எழுதினர். உரையாடலுடன், நடிகை செய்யவேண்டிய ஒவ்வோர் அசைவும் எழுத்துப்படியில் விரிவாகக் குறிக்கப்பட்டது. கடினமான சேட்டைகளைப் பியூ முதலில் தாமே செய்து பார்ப்பது வழக்கம்.

ஒளிப்பதிவு

ஒளிப்பதிவைக் கார்ல் பிராய்ண்ட் கவனித்தார். இவர் 1927 இல் வெளியான மெட்ரோபோலிஸ் என்ற ஜெர்மானியத் திரைப்படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவர். திரைப்படங்களில் ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்குகள் தனித்தனியே மாற்றி அமைக்கப்படும். மூன்று படக்கருவிகள் ஒருங்கே இயங்கும்போது அது இயலாது. ஆகவே பிராய்ண்ட் விளக்குகளைப் பெரும்பாலும் மேலிருந்து தொங்கவிட்டு, மூன்று கோணங்களுக்கும் பொருந்தும் சீரான ஒளியை அமைத்தார். அரங்கப் பொருட்களுக்குச் சாம்பல் நிறச் சாயல்கள் பூசப்பட்டன.

நடுவிலிருந்த படக்கருவி முழுக் காட்சியையும், பக்கங்களில் இருந்தவை அண்மைக் காட்சிகளையும் பதிவு செய்தன. பணியாளர்கள் தரையில் இடப்பட்ட குறிகளின்படி அவற்றை நகர்த்தினர். சுமார் 300 பார்வையாளர்கள் அமர்ந்திருக்க, காட்சிகள் நாடகம் போன்று வரிசையாக நடிக்கப்பட்டன. அவர்களின் சிரிப்பொலியும் பதிவு செய்யப்பட்டது. ஒருமுறை எழுந்த சிரிப்பை மறுமுறை அதேபோல் பெற இயலாது. ஆதலால் ஒருவரின் செயலையும் அதற்கு மற்றவர் காட்டும் முகபாவத்தையும் ஒரே நடிப்பிலேயே பிடிப்பது இன்றியமையாததாயிற்று. இதற்காகவே முன்னதாகப் பல நாட்கள் ஒத்திகை நடைபெற்றது.

படத்தொகுப்பு

மூன்று சுருள்களையும் ஒப்பிட்டுத் தொகுப்பது கடினமாயிருந்தது. இதற்கென, மூன்று படங்களையும் ஒலியையும் ஒருங்கே ஓட்டக்கூடிய மூவியோலா பொறி பயன்படுத்தப்பட்டது. படத்தொகுப்பாளர் டான் கானும் அவருடைய குழுவினரும் அதனை மூன்று தலைப் பூதம் என வேடிக்கையாக அழைத்தனர்.

தாக்கம்

நல்ல தரமான படச்சுருள்கள் எஞ்சியதால் தொடரைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்ப முடிந்தது. ஒருமுறை ஒளிபரப்பானதும் நிகழ்ச்சியின் மதிப்பு முடிந்துவிடும் என்ற எண்ணம் இதனால் மாறியது. டெசிலு நிறுவனம் பின்னர் இவ்வுரிமையைப் பல மில்லியன் டாலர்களுக்குச் சிபிஎஸ் நிறுவனத்திடம் விற்றது. ஊதியத்தைக் குறைத்துப் பெற்ற உரிமையே அந்நிறுவனத்தின் வளர்ச்சிக்கு வழிவகுத்தது. சியர்ஸ் (1982–1993), பிரண்ட்ஸ் (1994–2004) முதலிய பிற்காலத் தொடர்களும் பார்வையாளர் முன்னிலையில் பல படக்கருவிகளைக் கொண்டே தயாரிக்கப்பட்டன.