எலியின் இரத்தத்தில் நீந்தும் உயிர்

தெள்ளுப்பூச்சி என்றதும் நம்மில் பலருக்கு நாயின் நினைவு வரும். வயது முதிர்ந்தவர்களுக்குப் பிளேக் நோயின் நினைவு வரும். வீட்டெலியின் மயிருக்குள் வாழும் தெள்ளுப்பூச்சியே பிளேக் கிருமியை எலிக்கு எலி கொண்டு செல்கிறது என்பதை 1898-ஆம் ஆண்டில் கராச்சி நகரில் சோதனை செய்து காட்டினார், பால் லூயி சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். அதே தெள்ளுப்பூச்சி, அதே எலியிடமிருந்து இன்னோர் உயிரையும் சுமந்து செல்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசுவார் இல்லை. காரணம், அது வீட்டெலிக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. மனிதனையும் பொதுவாக அணுகுவதில்லை. ஆயினும் ஒரு தீவில் ஓர் எலியினம் பூண்டோடு அழிந்ததற்கு அந்த உயிரே காரணம் எனக் கருதப்படுகிறது.

அதை முதன்முதலில் விரிவாக விளக்கியவர் கல்கத்தாவில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் டிமோத்தி லூயிஸ். யானைக்கால் நோய்ப் புழுவின் நுண்ணிய குஞ்சுகளை 1872-இல் மனித இரத்தத்தில் கண்டறிந்தவரும் இவரே. 1870-களின் இறுதியில் அவர் எலிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார். இந்த ஒட்டுண்ணி உள்ள எலியின் புதிய இரத்தத்தில் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது கிருமி அன்று, சிவப்பணுக்களின் நடுக்கம்! யாரோ இடித்துத் தள்ளுவது போல அவை அங்குமிங்கும் ஆடும். உற்று நோக்கினால் இடிப்பவனும் தென்படுவான். ஒல்லியான உடல், இரு முனையும் கூர்மை, முன்முனையில் சாட்டை போன்ற ஓர் இழை. நீளம் சிவப்பணுவின் அகலத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. உடல் ஒரே அணுவால் ஆனது. லூயிஸின் நினைவாக இதற்கு டிரிப்பனோசோமா லூயிசி என்று பெயர். டிரிப்பனோன் என்ற கிரேக்கச் சொல்லுக்குத் துளையிடும் கருவி என்று பொருள். திருகியபடி நீந்தும் உடலுக்கு ஏற்ற பெயர்தான்.

எலியின் உடலில் புகுந்த முதற்சில நாட்களில் இது இரத்தத்திலேயே பிளந்து பிளந்து பெருகுகிறது. பிறகு வியப்பான ஒன்று நிகழ்கிறது. கிருமிகள் உயிரோடுதான் இருக்கின்றன, நீந்துகின்றன, ஆனால் பெருகுவதில்லை. எலியின் உடல் சுரக்கும் ஓர் எதிர்ப்பொருள், அவற்றைக் கொல்லாமல் மலடாக்கி விடுகிறது! 1920-களில் அமெரிக்க அறிவியலார் டாலியஃபெரோ இதை விளக்கினார். அதன்பின் கொல்லும் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. சில வாரங்களில் இரத்தம் தூய்மையாகிறது. ஒருமுறை இவ்வாறு தேறிய எலியை இந்தக் கிருமி மீண்டும் பற்றுவது அரிது.

அந்தச் சில வாரங்களுக்குள் கிருமி வேறோர் எலியை அடைந்தாக வேண்டும். அதற்கு வாகனம் தெள்ளுப்பூச்சி. இறக்கையற்ற இப்பூச்சியில் ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிப்பவை. இடும் முட்டைகள் எலியின் வளையில் உதிர்கின்றன. வெளிவரும் கால்களற்ற புழுக்கள் வளைக் குப்பையையும், பெரிய பூச்சிகள் கழித்த உலர்ந்த இரத்தத்தையும் தின்று வளர்கின்றன. நம் நாட்டு எலிகளில் மிகுதியாகக் காணப்படும் இனத்துக்கு, பிரமிடு கட்டிய எகிப்திய மன்னன் கியாப்ஸின் பெயரை 1903-இல் சூட்டினார் சார்லஸ் ராத்ஸ்சைல்டு. மன்னனுக்கு இது பெருமையா, சிறுமையா என்பதை வாசகர்களே முடிவு செய்து கொள்ளலாம்!

பூச்சியின் வயிற்றுக்குள் கிருமி என்ன செய்கிறது என்பதை மின்சின், தாம்சன் என்ற இருவர் இங்கிலாந்தில் ஆராய்ந்து 1915-இல் வெளியிட்டனர். இரத்தத்தோடு உட்சென்ற கிருமி வயிற்றுச் சுவரின் அணு ஒன்றுக்குள் நுழைந்து சுருண்டு கொள்கிறது. உள்ளேயே பலவாகப் பெருகுகிறது. அணு வெடிக்க, குஞ்சுகள் வெளியேறுகின்றன. பிறகு அவை பின்குடலை அடைந்து அதன் சுவரைப் பற்றிக் கொண்டு, எலியைத் தாக்கவல்ல சிறு வடிவம் பெறுகின்றன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் பூச்சியின் கழிவோடு வெளிவரத் தொடங்குகின்றன.

இந்த இடத்தில் பிளேக் கிருமியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அது பூச்சியின் இரைப்பை வாயிலை அடைத்துக் கொள்கிறது. குடித்த இரத்தம் உள்ளே இறங்காமல், கிருமியோடு கலந்து கடிவாய்க்கே திரும்புகிறது. அதாவது பிளேக் முன்வாசல் வழியாக வருகிறது. டிரிப்பனோசோமா பின்வாசல் வழியாக வருகிறது. கடித்தால் மட்டும் இது பரவுவதில்லை. அப்படியானால் எலியின் உடலுக்குள் எப்படிப் போகிறது?

விடை எலியின் தூய்மைப் பழக்கத்தில் இருக்கிறது. எலியை அழுக்குப் பிராணி என்கிறோம். உண்மையில் தன் உடம்பைப் பேணுவதில் அது பூனைக்குச் சளைத்ததன்று. நாள்தோறும் பலமுறை மயிரை நக்கிக் கோதுகிறது. அப்போது ஈரக் கழிவும், சிலவேளை பூச்சியும் வாய்க்குள் போகின்றன. கிருமி வாயின் மெல்லிய சவ்வு வழியே இரத்தத்தை அடைகிறது. பூச்சியைப் போக்க எலி செய்யும் முயற்சியே பூச்சி சுமந்த கிருமிக்கு வழி திறந்து விடுகிறது.

இவ்வளவும் வீட்டெலியின் கதை. நெடுங்காலம் பழகிய பகை. வீட்டுச் சுண்டெலியின் உடலில் இந்தக் கிருமி நிலைப்பதில்லை. சுண்டெலிக்கு அதன் சொந்த டிரிப்பனோசோமா வேறு இருக்கிறது. ஆனால் வீட்டெலிக்கு நெருங்கிய உறவாயிருந்தும், இந்தக் கிருமியை ஒருநாளும் கண்டிராத எலியினம் ஒன்று இருந்தால்?

ஜாவாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவு உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கு மனிதர் குடியிருக்கவில்லை. அத்தீவுக்கே உரிய எலியினங்கள் இரண்டு வாழ்ந்தன. அவற்றுள் மக்ளியர் எலி என்பது எண்ணற்றுத் திரிந்ததை, 1897-இல் அங்குச் சென்ற இயற்கை நூலறிஞர் ஆண்ட்ரூஸ் நேரில் கண்டு எழுதினார். பாஸ்பேட் வெட்டியெடுக்க ஆட்களும் கப்பல்களும் வந்தன. 1899-இல் ‘ஹிந்துஸ்தான்’ என்ற கப்பலோடு கறுப்பு வீட்டெலிகளும் இறங்கின. சில ஆண்டுகளுக்குள் தீவின் மருத்துவ அலுவலர், உள்நாட்டு எலிகள் பட்டப்பகலில் பாதைகளில் சாகும் நிலையில் ஊர்ந்து கிடப்பதைக் கண்டார். டர்ஹாம் என்ற மருத்துவர் அவற்றின் இரத்தத்தில் டிரிப்பனோசோமாவைக் கண்டார். 1908-இல் ஆண்ட்ரூஸ் மீண்டும் சென்று தேடியபோது இரண்டு இனங்களில் ஒன்றுகூட அகப்படவில்லை.

நூறாண்டுக்குப் பின், 2008-இல், அருங்காட்சியகங்களில் இருந்த அந்த எலிகளின் பதப்படுத்திய தோல்களிலிருந்து மரபணுப் பொருளை எடுத்து ஆராய்ந்தார்கள். கப்பல் வருமுன் பிடிபட்ட எலிகளில் டிரிப்பனோசோமாவின் தடயமே இல்லை; வந்தபின் பிடிபட்டவற்றுள் சிலவற்றில் இருந்தது. வந்தேறி எலிகளோடு இரைக்கும் இடத்துக்கும் ஏற்பட்ட போட்டியும் ஓரளவு உதவியிருக்கலாம். ஆனால் பரந்த காடு முழுவதும் சில ஆண்டுகளில் வெறிச்சோடியதற்குப் போட்டி மட்டும் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மனிதனுக்கு இதனால் அச்சம் உண்டா? நம் இரத்தத்தில் பலவகை டிரிப்பனோசோமாக்களைக் கரைத்துக் கொல்லும் ஒரு புரதம் இயல்பாகவே இருக்கிறது. லூயிசியும் அவ்வாறே அழியும் என்று நம்பியிருந்தனர். 2015-இல் வெளிவந்த ஆய்வு, அது இந்தப் புரதத்தைத் தாங்கக் கூடியது என்று காட்டியது. 1933-இல் மலேயாவில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் இது காணப்பட்டதாகச் செய்தி உண்டு. பின்னர் இந்தியாவிலும் தாய்லாந்திலும் காய்ச்சலுற்ற சில பச்சிளங் குழந்தைகளிடம் காணப்பட்டது. எலி நடமாடும் தரையில் கிடத்தப்படும் குழந்தை, கையில் பட்டதை வாயில் வைக்கிறது. எலி நக்கிப் பெறுவதைக் குழந்தை இப்படிப் பெறக்கூடும். இந்நோய் மிக அரிது என்பதையும் சொல்ல வேண்டும்.

அரிதல்லாத ஒன்று, பின்வாசல் வழியே வரும் எலித் தெள்ளு டைபஸ் காய்ச்சல். பூச்சி கடித்த இடத்தில் அரிப்பெடுத்துச் சொறியும்போது அதன் கழிவிலுள்ள நுண்கிருமி தோலுக்குள் போய்விடுகிறது. காய்ச்சல், தலைவலி, உடலில் தடிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். மருத்துவரிடம் போனால் குணமாக்க மருந்து இருக்கிறது.

எலியைக் கொல்ல நஞ்சு வைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. செத்த எலியின் உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சிகள் அதை விட்டு இறங்கி, அருகில் கதகதப்பான வேறோர் உடலைத் தேடுகின்றன. அதனால்தான் பிளேக் தடுப்புப் பணியில் முதலில் வளைகளிலும் எலி ஓடும் பாதைகளிலும் பூச்சிக்கொல்லித் தூளைத் தூவிவிட்டு, அதன் பிறகே எலிக்கு நஞ்சு வைக்கிறார்கள்.