அவனியாபுரத்து மண் குடிக்கும் தண்ணீர்

மதுரையின் பாதாளச் சாக்கடை நீரில் பெரும்பகுதி வந்து சேரும் இடம் அவனியாபுரத்தை ஒட்டிய வெள்ளைக்கல். அங்குள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர். நிலையம் வருவதற்கு முன்பே மாநகராட்சியின் கழிவுநீர்ப் பண்ணை இங்கே இருந்தது. அந்தத் தண்ணீரில் மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள். 2011இல் அவனியாபுரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் விவசாயம் ஓயவில்லை. மல்லிகை, நெல், கீரை என்று ஏதாவது ஒன்று நிலத்தில் நிற்கிறது. அந்தப் பயிர் எப்படி வரும் என்பதை, மண்ணின் நிறத்தைக் காட்டிலும் அது பல ஆண்டுகளாகக் குடித்துவரும் தண்ணீரே முடிவு செய்கிறது.

இங்கே மண் ஒரே மாதிரி இல்லை. திருப்பரங்குன்றம் போன்ற பாறைக் குன்றுகளின் சரிவிலும் மேட்டிலும் செவல். தண்ணீர் விட்டால் சட்டென்று இறங்கிவிடும், சத்தும் கூடவே போய்விடும். தாழ்ந்த பகுதிகளிலும், திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கமும் கரிசல். ஈரத்தைப் பிடித்து வைக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மேட்டிலிருந்து மழை கரைத்துவரும் சுண்ணாம்பும் உப்பும் பள்ளத்தில்தான் தங்கும். அதனால் கண்மாய்க்குக் கீழே உள்ள வயல்களில் உவர் தட்டுவது புதிய சங்கதி இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டித் தீர்ப்பதால், மீதி மாதங்களில் உப்பைக் கழுவ நீர் இருப்பதில்லை. வைகைக்கு வடக்கே, பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம் பார்க்கும் 45,000 ஏக்கருக்கு உள்ள வசதி தெற்குக் கண்மாய்களுக்குக் கிடையாது.

இந்தப் பற்றாக்குறையில் ஆண்டு முழுக்க வரும் சாக்கடைத் தண்ணீர் விவசாயிக்குப் பெரிய கை கொடுப்பு என்பதை மறுக்க முடியாது. அதில் தழைச்சத்து இருக்கிறது, மணிச்சத்து இருக்கிறது. யூரியா வாங்கும் செலவு குறையும். மெக்சிகோ நகரத்தின் கழிவுநீரை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாய்ச்சிவரும் மெஸ்கித்தால் பள்ளத்தாக்கில், சுத்திகரிப்பு நிலையம் கட்டியபோது சத்து போய்விடுமே என்று விவசாயிகளே முறையிட்டார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் நெல்லுக்கு அளவு மீறித் தழைச்சத்து கிடைத்தால் பயிர் கருகருவென்று வளர்ந்து சாயும், பதர் கூடும். கீரையிலோ கிருமியும் உலோகமும் நேரே சாப்பாட்டுத் தட்டுக்கு வரும் வாய்ப்பு உண்டு. பச்சையாக உண்ணும் எதற்கும் இந்தத் தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பலரும் கவனிக்கத் தவறுவது உப்பைத்தான். சுத்திகரிப்பு நிலையம் அழுக்கையும் துர்நாற்றத்தையும் குறைக்கும். நீரில் கரைந்த உப்பை எடுக்காது. நம் வீட்டுச் சோப்புத்தூளும் சமையல் உப்பும் சோடியமாக வயலுக்குப் போய்ச் சேருகின்றன. அண்மை ஆண்டுகளில் பக்கத்து அயன்பாப்பாக்குடி கண்மாயில் வெண்ணுரை பொங்கிய படங்களைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். நுரை கண்ணுக்குத் தெரிகிறது, சோடியம் தெரிவதில்லை. அது களிமண் துகளைப் பற்றியிருக்கும் கால்சியத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். துகள்கள் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கும். காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. இதுதான் களர். கார அமிலத்தன்மை 8.5ஐத் தாண்டினால் களர் என்றும், மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் உவர் என்றும் ஆய்வகம் பிரிக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி, வடித்துக் கழுவினாலே போதும். களருக்கு அது போதாது. ஜிப்சம் இட்டு, அதன் கால்சியத்தால் சோடியத்தை வெளியேற்றி, அதற்குப் பிறகே தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது வீண் செலவு. அடுத்து தக்கைப்பூண்டு விதைத்துப் பூப்பதற்குள் மடக்கி உழலாம். களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்களும் இருக்கின்றன. மல்லிகைக்கு அப்படி ஒரு தாங்கும் சக்தி கிடையாது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு நீர் தேங்காத செம்மண் வேண்டும். வேரில் உப்பு சேர்ந்தால் இலை நுனி கருகும், பூ சிறுக்கும்.

செவல் காட்டில் கரம்பை, அதாவது கண்மாய் வண்டல் அடிப்பது இந்தப் பக்கத்தின் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024இல் அரசு நடைமுறையை எளிதாக்கியது. ஆனால் சாக்கடை கலந்த கண்மாயின் கரம்பையை ஆய்வு செய்யாமல் வயலில் கொட்டினால், ஈரத்தோடு உப்பையும் வண்டி கட்டிக் கொண்டுவந்த கதைதான்.

ஆடி விதைப்புக்கு முன், சித்திரை, வைகாசியில் நிலம் சும்மா கிடக்கும்போது மண் எடுப்பது நல்லது. வரப்போரம், எருக்குழி, மரநிழல் தவிர்த்துப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவக் குழி வெட்டி, நெல்லுக்கு அரை அடி ஆழம் வரை சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோ கொடுத்தால் போதும். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் தழை, மணி, சாம்பல் சத்தோடு துத்தநாகம், இரும்பு, போரான் உள்பட 12 அளவுகள் வரும். சோடியம் அந்தப் பன்னிரண்டில் இல்லை. அவனியாபுரத்து விவசாயி மண்ணோடு ஒரு பாட்டில் பாசன நீரையும் ஆய்வகத்தில் கொடுத்து, சோடியத்தையும் பார்த்துத் தரும்படி கேட்டு வாங்க வேண்டும்.