பொறுப்புவிலக்குக் கூறு

பொறுப்புவிலக்குக் கூறு என்பது, ஒப்பந்தத்தை மீறும் அல்லது கவனக்குறைவாக நடக்கும் தரப்பு தர வேண்டிய இழப்பீட்டை முற்றிலும் நீக்குகின்ற அல்லது ஒரு வரம்புக்குள் கட்டுப்படுத்துகின்ற ஒப்பந்த வாசகம் ஆகும். சலவையகச் சீட்டு, கூரியர் ரசீது, வாகன நிறுத்துமிடச் சீட்டு, மென்பொருள் உரிமம் முதலியவற்றில் இது பரவலாகக் காணப்படுகிறது. அச்சிடப்பட்டிருப்பதாலேயே இக்கூறு செல்லுபடியாகிவிடாது. எல்லா இடத்திலும் செல்லாததும் அன்று.

நோக்கம்

சிறு கட்டணம் பெற்று உறையை எடுத்துச் செல்லும் நிறுவனம் அதனுள் இருப்பதன் மதிப்பை அறியாது. இழப்பீட்டுக்கு வரம்பு இருந்தால் கட்டணத்தைக் குறைவாக வைக்க இயலும். மதிப்புமிக்க பொருளை அனுப்புபவர் தனியே காப்பீடு செய்துகொள்ளலாம். எனினும், பேரம் பேச இயலாத வாடிக்கையாளரிடம் இதே கூறு கவனக்குறைவுக்குக் கேடயமாகவும் பயன்படுகிறது.

செல்லுபடியாவதற்கான தேவைகள்

* அறிவிப்பு: ஒப்பந்தம் ஏற்படுவதற்கு முன்போ ஏற்படும்போதோ கூறு தெரிவிக்கப்பட வேண்டும். இங்கிலாந்தின் பார்க்கர் எதிர் தென்கிழக்கு ரயில்வே வழக்கு (1877) ரயில் நிலையப் பொருள் காப்பறைச் சீட்டைப் பற்றியது. வாடிக்கையாளர் வாசகத்தைப் படித்தாரா என்பதை விட, நிறுவனம் நியாயமான அறிவிப்புத் தந்ததா என்பதே அதில் முதன்மைக் கேள்வியாயிற்று.
* கையொப்பம்: மோசடியோ தவறான விளக்கமோ இல்லாதவிடத்து, கையொப்பமிட்டவர் பொதுவாகக் கட்டுப்பட்டவர் ஆவார்.
* தெளிவு: இருபொருள் தரும் வாசகம், அதை எழுதிய தரப்புக்கு எதிராகவே பொருள் கொள்ளப்படும்.
* பொதுக்கொள்கை: இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் 23ஆம் பிரிவின்படி, பொதுக்கொள்கைக்கு முரணான உடன்பாடு செல்லாது.

லில்லி ஒயிட் வழக்கு

லில்லி ஒயிட் எதிர் முனுசாமி வழக்கின் தீர்ப்பு 1966ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியானது. உலர்சலவைக்குக் கொடுக்கப்பட்ட புதிய சேலை தொலைந்துபோனது. பொருள் தொலைந்தால் சந்தை விலையில் 15 விழுக்காடு மட்டுமே கோரலாம் என்று சலவையகச் சீட்டு கூறியது. இது பொதுக்கொள்கைக்கும் ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படைக்கும் முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எடுத்துக்காட்டாக, வேளச்சேரியில் ஒருவர் 10,000 ரூபாய்ப் பட்டுச்சேலையைச் சலவைக்குக் கொடுப்பதாகக் கொள்வோம். இக்கூறு செல்லுமாயின், சேலையைத் தொலைத்த கடைக்காரர் 1,500 ரூபாயுடன் விடுபடுவார். நேர்மையற்ற கடைக்காரர் அவ்விலைக்கே சேலையைத் தமதாக்கிக்கொள்ளவும் இயலும்.

வணிக ஒப்பந்தங்கள்

பாரதி நிட்டிங் கம்பெனி எதிர் டிஎச்எல் வழக்கில் (1996) முடிவு வேறாக அமைந்தது. செருமனிக்கு அனுப்பிய ஏற்றுமதி ஆவணங்கள் உரிய காலத்தில் சேராததால், ஆயத்த ஆடை நிறுவனம் பெரும் இழப்பைக் கோரியது. நிறுவனத்தின் தரப்பில் கையொப்பமிடப்பட்ட சீட்டில் இழப்பீட்டு வரம்பு 100 அமெரிக்க டாலர் என இருந்தது. உச்ச நீதிமன்றம் அவ்வரம்பையே ஏற்றது.

சென்ட்ரல் இன்லேண்டு வாட்டர் வழக்கில் (1986) அதே நீதிமன்றம், பேர வலிமையில் பெரிதும் தாழ்ந்தவர் மீது சுமத்தப்படும் நியாயமற்ற கூறுகள் செல்லாது என்றது. ஆனால் இரு தரப்பினரும் வணிகர்களாக உள்ள வணிகப் பரிவர்த்தனைக்கு இக்கோட்பாடு பொருந்தாமல் போகலாம் என்றும் குறிப்பிட்டது.

சட்டச் சீர்திருத்தம்

ஐக்கிய இராச்சியம் 1977 இல் நியாயமற்ற ஒப்பந்தக் கூறுகள் சட்டத்தை இயற்றியது. இந்தியச் சட்ட ஆணையம் தனது 103ஆம் (1984), 199ஆம் (2006) அறிக்கைகளில் நியாயமற்ற கூறுகளுக்கு எதிரான சட்ட ஏற்பாட்டைப் பரிந்துரைத்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நியாயமற்ற ஒப்பந்தத்தை வரையறுத்து, அதனை விசாரிக்கும் அதிகாரத்தை மாநில, தேசிய ஆணையங்களுக்கு அளித்தது. இது 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் பொதுவாக இச்சட்டத்தின்படி நுகர்வோர் அல்லர்; சுயதொழில் மூலம் பிழைப்பதற்கென்றே பொருளை வாங்கிப் பயன்படுத்துவோருக்கு விலக்கு உண்டு. எனவே ஏனைய வணிகர்கள் ஒப்பந்தச் சட்டத்தையே நம்ப வேண்டியுள்ளது. அவர்களுக்குக் கையொப்பத்துக்கு முன் கூறுகளைப் படித்துப் பேரம் பேசுவதும், தேவையானவிடத்துக் காப்பீடு செய்வதும் முதன்மையான பாதுகாப்புகள் ஆகும்.