எழுத்துக் கூலி – 9: முகடு தொடாத சுவர்

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பிறந்த லயக் காம்பரா 12 அடி நீளம், 10 அடி அகலம். பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவிலிருந்த சுவர் முகடு வரை போகாது. அவர்கள் வீட்டுத் தாளிப்பு வாசம், கிழவரின் இருமல், புருஷன் பெண்சாதி சண்டை எல்லாம் மேலால் வந்துவிடும்.

நடந்த கொலைகளைத் தொடராக எழுதுகிறேன். பெண்ணை நேசிக்கும் பெண்ணையும் ஆணை நேசிக்கும் ஆணையும் பற்றிச் சிறுகதை எழுதுகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கிறார்கள். அந்தச் சுவர்தான் சம்பந்தம்.

கொலைத் தொடருக்குக் காசு வரும். கதை அப்படியல்ல. ஒரு பத்திரிகை என் கதையை எட்டு மாதம் வைத்திருந்துவிட்டு, இரண்டு பெண்களில் ஒருத்தியை ஆணாக மாற்றித் தரச் சொன்னது. திருப்பி வாங்கிக்கொண்டேன்.

நான் எழுதிய முதல் வழக்கு ஸ்டெலன்பேர்க் தோட்டத்துடையது. 1941 இல் துரை போப் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக அடுத்த வருஷம் வேலாயுதமும் வீராசாமியும் போகம்பரைச் சிறையில் தூக்கில் போடப்பட்டார்கள். கொலையிலிருந்து தொடங்கியிருந்தால் அது வெறும் கொலைக்கதை. அதனால் அதற்கு முந்தைய வருஷம், 1940 ஜனவரியில், முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூடுபட்டு விழுந்த தொழிலாளி கோவிந்தனிடமிருந்து தொடங்கினேன். வழக்கு எழுதுகிறவன் ஒரு சாட்சி கண்டது எது, கேட்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். லயத்துச் சாட்சி பெரும்பாலும் கேட்ட சாட்சி. சுவர் கொடுக்கும் சாட்சி.

இந்த வேலைக்காகத் தண்டனைச் சட்டக்கோவையை அடிக்கடி புரட்டுவேன். 1883 ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்டது. 296 ஆம் பிரிவு கொலைக்கு. சில பக்கம் தள்ளினால் 365, 365அ. நான் கதையாக எழுதுகிறவர்கள் அங்கே குற்றவாளிகள். 365அ முன்பு ஆண்களை மட்டுமே பிடித்தது. 1995 இல் செய்த திருத்தம் ‘ஆண்’ என்றிருந்ததை ‘ஆள்’ என்றாக்கிப் பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டது. இதை மாற்ற வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றத் தீர்மானம் வந்தது. 2024 இல் நாடாளுமன்றம் கலைக்கப்படும் வரை அது நிறைவேறவில்லை. எனக்கு இது ஆறாத கோபம்.

அந்த 365அ பிரிவில் ‘பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ’ என்று வருகிறது. லயத்தில் அந்தரங்கம் எங்கே இருக்கிறது?

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ நாவல் 1994 இல் வந்தது. கல்யாண விளையாட்டில் மணப்பெண்ணாகச் சேலை கட்டிக்கொள்ளும் கொழும்புப் பையன் ஆர்ஜியின் கதை, 1983 ஜூலைக் கலவரம் வரை போகும். என்னை எழுத வைத்த புத்தகம் அது. ஆனாலும் ஆர்ஜியின் வீட்டில் சாத்திக்கொள்ளக் கதவுகள் உண்டு. என் ஆட்களுக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

ரப்பர் காட்டில் தேடினேன். வெயில் ஏறுமுன் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியும்போதே வெட்டப் போய்விடுவார்கள். கத்தி பட்டையைச் சீவியதும் வெள்ளை நூல் போலப் பால் கோட்டில் இறங்கிச் சிரட்டையில் சொட்டும். ஆளுக்கொரு வரிசை மரம். வரிசைகள் சந்திக்கும் இடத்தில் அந்த இரண்டு பெண்களையும் நிறுத்தினேன். ஒருத்தி மற்றவளின் விரலில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்தெடுக்கிறாள். சுவரே இல்லாத இடத்தில்தான் அவர்களுக்கு அந்தரங்கம்.

எழுதி முடித்ததும், முப்பது வருஷம் பால் வெட்டிய பக்கத்து லயத்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முகம் சுளிப்பாரோ என்று பயம். கடைசி வரை கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“ஏந் தம்பி, மழை பேஞ்சா வெட்டு இல்லையே. அன்னைக்கி அந்தப் புள்ளைங்க ரெண்டும் எங்க போயிப் பார்த்துக்குவாங்க?”

சப்ரகமுவாவில் நடக்கும் கதையில் ஒரு துளி மழைகூட இல்லாமல் எழுதியிருக்கிறேன். அன்றிரவே திரும்ப எடுத்து மூன்று நாள் மழையைப் பெய்யவிட்டேன். பட்டை ஈரம், வெட்டு இல்லை, இரண்டு பேரும் ஆளுக்கொரு காம்பராவில். நடுவில் சுவர். மூன்றாம் நாள் இரவு ஒருத்தி இருமுகிறாள். மற்றவள் அதைக் கேட்டு எழுந்து உட்காருகிறாள்.