காற்று யாருக்குச் சொந்தம்?

கட்டியவரே ஆள் வைத்து அவசர அவசரமாகப் பிரித்துப்போட்ட ஒரு காற்றாலையின் கதை இது. காற்றாலை என்றதும் மின்சாரம் உண்டாக்கும் உயர்ந்த வெள்ளைத் தூண்கள்தாம் இன்று நம் நினைவுக்கு வரும். நாம் சொல்லப்போவதோ மரத்தால் செய்து, கித்தான் கட்டி, தானியம் அரைத்த காற்றாலை. அது 1191-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், சஃபோக் நாட்டுப்புறத்தில், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் ஊரின் ஓரத்தில் நின்றது. அந்த நிலத்தின் பெயர் ஹேபர்டன்.

ஊரின் பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. கிழக்கு ஆங்கிலியா நாட்டை ஆண்ட எட்மண்ட் அரசர் 869-இல் டேனியப் படையினரால் கொல்லப்பட்டார். மக்கள் அவரை வேதசாட்சியாகப் போற்றினார்கள். அவருடைய திருப்பண்டங்கள் வைக்கப்பட்ட இடத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் பெரிய மடம் ஒன்று எழுந்தது. திருயாத்திரிகர்கள் திரண்டு வந்தார்கள். அரசர்கள் நிலங்களைத் தானமாக எழுதிவைத்தார்கள். நாளடைவில் ஊர் முழுவதும், ஏன், மேற்கு சஃபோக் முழுவதுமே மடாதிபதியின் ஆளுகைக்குள் வந்துவிட்டது. சந்தை வரி அவருக்கு, நீதிமன்ற அபராதம் அவருக்கு, மாவு அரைக்கும் கூலியும் அவருக்கு.

இந்த அரைகூலியைச் சிறிய காரியம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்நாளில் ரொட்டிதான் உணவு. மாவு இல்லாமல் ரொட்டி இல்லை. 1086-இல் வில்லியம் அரசர் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் ஏறக்குறைய 6,000 நீராலைகள் பதிவாகியுள்ளன. காற்றாலை ஒன்றுகூட இல்லை. நீராலைக்கு ஆறு வேண்டும், அணை வேண்டும், கரை வேண்டும். இவை யாவும் பிரபுக்களிடமும் மடங்களிடமுமே இருந்தன. எனவே பல ஊர்களில், குடியானவன் தன் தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்கவேண்டும், அதில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்கவேண்டும் என்பது வழக்கமாயிற்று. பதினாறில் ஒரு பங்கு என்பது பல இடங்களில் இருந்த அளவு. ஓர் ஆலையை வைத்திருப்பது ஒரு வயலை வைத்திருப்பதைவிட லாபமான காரியம்.

இந்த நிலையில்தான் காற்றாலை வந்தது. இங்கிலாந்தில் நமக்கு உறுதியாகத் தெரிந்த முதல் காற்றாலைகளுள் ஒன்று யார்க்ஷயரைச் சேர்ந்த வீட்லி என்னும் இடத்தில் இருந்தது. 1185-இல் அதற்கு ஆண்டு வாடகை 8 ஷில்லிங் என்று டெம்ப்ளர் வீரத்துறவிகளின் கணக்கேடு சொல்கிறது. ஹேபர்டனில் எழுந்த ஆலை அதற்கு ஆறே ஆண்டுகள் பிந்தியது. அன்றைய மக்களுக்கு அது முற்றிலும் புதுமையான எந்திரம்.

அது எப்படி வேலை செய்தது? காற்று ஒரே திசையிலிருந்து வீசுவதில்லை. ஆலையின் முகம் காற்றை நோக்கித் திரும்பவேண்டும். இதற்கு அக்காலத் தச்சர்கள் கண்ட வழி வியப்புக்குரியது. பருத்த ஓக் மரத்தூண் ஒன்றை நிறுத்தி, ஆலை முழுவதையும், அதாவது அறை, கற்கள், சக்கரங்கள், இறக்கைகள் எல்லாவற்றையும், அந்த ஒற்றைத் தூணின் உச்சியில் அமர்த்தினார்கள். பின்புறம் ஒரு நீண்ட கம்பு நீட்டிக்கொண்டிருக்கும். காற்று திசை மாறினால் ஆலைக்காரர் கீழே இறங்கி, அந்தக் கம்பைத் தோளால் தள்ளி, முழு ஆலையையும் சுற்றித் திருப்புவார். முன்புறம் நான்கு இறக்கைகள். ஒவ்வொன்றும் மரச்சட்டங்களால் ஆன ஏணி போன்றது. அதன்மேல் கித்தானை விரித்துக் கட்டுவார்கள். காற்று பலமானால் கித்தானைச் சுருட்டிக் குறைக்கவேண்டும். புயல் வரும்போது சுருட்டத் தவறினால் ஆலையே சாய்ந்துவிடும்.

இறக்கைகள் சுழலும்போது அவற்றின் அச்சும் சுழலும். அச்சில் ஒரு பெரிய பல்சக்கரம் நின்றவாக்கில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் பற்கள் கூண்டு போன்ற ஒரு சிறு சக்கரத்தைத் திருப்பும். அது மேற்கல்லைத் திருப்பும். அடிக்கல் அசையாது. நம் பாட்டிமார் பயன்படுத்திய திருகையும் இதே முறைதான்; கைப்பிடியைக் காற்று பிடித்துக்கொண்டது, அவ்வளவே.

தூணைத் தாங்குவதற்கு அடியில் இரண்டு பெரிய உத்தரங்களைச் சிலுவை வடிவில் குறுக்காகப் போடுவார்கள். தொடக்கக்கால ஆலைகளில் இந்த உத்தரங்களை மண்மேட்டுக்குள் புதைத்துவிடுவது உண்டு. அதனால் ஆலை அழிந்து பல நூற்றாண்டு கழிந்த பின்பும், ஆராய்ச்சியாளர்கள் தோண்டும்போது மண்ணில் சிலுவை வடிவப் பள்ளம் தெரிகிறது. பழைய கல்லறை மேடு என்று எண்ணித் தோண்டியவர்கள் காற்றாலையைக் கண்டெடுத்ததும் உண்டு!

இனி நம் கதைக்கு வருவோம். இதை நமக்கு எழுதிவைத்தவர் அதே ஊரின் பிரேக்லண்ட் தெருவைச் சேர்ந்த ஜோசலின் என்னும் துறவி. மடாதிபதி சாம்சனுடன் ஆறு ஆண்டுகள் சிற்றாலயக் குருவாக இருந்தவர். கண்டதைக் கண்டபடியே எழுதக் கூடியவர். தம் மடாதிபதியின் கோபத்தையும் மறைக்கவில்லை.

ஹெர்பர்ட் என்னும் வயது முதிர்ந்த டீன், அதாவது வட்டாரக் குருக்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்தவர், ஹேபர்டனில் தம் சொந்த நிலத்தில் ஒரு காற்றாலையைக் கட்டினார். மடாதிபதியிடம் உத்தரவு கேட்கவில்லை. செய்தி காதில் விழுந்ததும் சாம்சன் கொதித்துப்போனார். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் எழவில்லை. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், ஆலயப் பொருள்களுக்குப் பொறுப்பான துறவியை அழைத்து, தச்சர்களை அனுப்பி ஆலையைப் பிரித்து, மரங்களைப் பத்திரப்படுத்தும்படி கட்டளையிட்டார்.

டீன் ஓடோடி வந்தார். நிலம் தமக்கு உரிமையானது என்றார். வீசும் காற்றின் பயனை எந்த மனிதனுக்கும் மறுக்கலாகாது என்றார். தம் சொந்தத் தானியத்தை மட்டுமே அரைத்துக்கொள்வதாகவும், பிற ஆலைகளுக்கு இதனால் நஷ்டம் வராது என்றும் சொன்னார். மடாதிபதியின் கோபம் தணியவில்லை. தம் கால்கள் இரண்டையும் வெட்டியிருந்தால் எவ்வளவு நன்றி சொல்வாரோ அவ்வளவு நன்றியே இதற்கும் சொல்வதாகக் கூறினார். அந்தக் கட்டடம் விழும்வரை ரொட்டி உண்பதில்லை என்று ஆணையிட்டார். இந்த ஊர் எல்லைக்குள் அரசரே ஆனாலும் மடத்தின் சம்மதமின்றி எதையும் எழுப்ப முடியாது என்பது இவ்வளவு வயதானவருக்குத் தெரியாதா என்று கேட்டார். ஊரார் டீனின் ஆலைக்குத் திரண்டு போவார்கள். அவர்கள் சுதந்திரக் குடிகள், அவர்களைச் சட்டப்படி தண்டிக்கவும் முடியாது. இதுதான் அவருடைய உண்மையான கவலை. வீடு போய்ச் சேருமுன் ஆலையின் கதி தெரியும் என்று சொல்லி டீனை அனுப்பிவிட்டார்.

பயந்துபோன டீன், தம் மகன் ஸ்டீபனின் யோசனைப்படி, தம் வேலைக்காரர்களை வைத்தே ஆலையைப் பிரித்துவிட்டார். மடத்து ஆட்கள் வந்து பார்த்தபோது இடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவ்வளவு விரைவில் பிரிக்க முடிந்ததே, அது முழுக்க மரத்தால் ஆன தூண் ஆலை என்பதற்குச் சான்று என்று நாம் கருதலாம்.

(டீனுக்கு மகனா என்று நம் மாணவியர் கேட்பார்கள். குருக்களின் திருமணம் செல்லாது என்று 1139-இல் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. ஆனால் அந்த விதி இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் வேரூன்ற வெகுகாலம் பிடித்தது.)

இருவரில் யார் பக்கம் நியாயம்? தம் ஒரு வீட்டுத் தானியத்துக்காக மட்டும் இவ்வளவு செலவில் ஓர் ஆலையைக் கட்டினேன் என்று டீன் சொன்னதை நம்புவது நமக்குச் சற்றுக் கடினமாகவே இருக்கிறது. சாம்சனும் பேராசைக்காரர் அல்லர். 1182-இல் அவர் பதவி ஏற்றபோது மடம் கடனில் மூழ்கியிருந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் அதை அடைத்தார். இளமையில் ஏழை மாணவனாக இருந்த தமக்கு ஓர் ஆசிரியர் கட்டணமின்றிக் கற்பித்ததை அவர் மறக்கவில்லை. ஏழை மாணவர்கள் வாடகை கொடுக்காமல் படிப்பதற்காக ஊரில் கல்வீடுகளை வாங்கிப் பள்ளிக்கென்றே ஒதுக்கினார். இந்த நல்ல மனிதர்தாம் ஒரு கிழவரின் காற்றாலையை ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை. மடத்தின் உரிமை ஒன்றை விட்டுக்கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அந்த அச்சம் காற்றின் வரைக்கும் போனதுதான் தவறு என்று நமக்குத் தோன்றுகிறது.

மடத்தின் உரிமை எளியவர் வீட்டில் எப்படி நுழைந்தது என்பதையும் ஜோசலினே காட்டுகிறார். வீட்டுக்கு ஒரு பென்னி ‘அறுவடைக் காசு’ தரவேண்டும். பணக்காரர் எப்படியோ தப்பிவிடுவர். ஏழை வீடுகளிலோ மடத்து ஆட்கள் புகுந்து அடுப்பு முக்காலியையும் கதவையும்கூடக் கழற்றிக்கொண்டு போவார்கள். அப்போது கிழவிகள் கம்பளி நூற்கும் கோல்களை ஓங்கிக்கொண்டு வெளியே வந்து, வந்தவர்களைத் திட்டி விரட்டினார்களாம். டீன் ஹெர்பர்ட் பயந்து பின்வாங்கிய இடத்தில் இந்தப் பாட்டிமார் பின்வாங்கவில்லை! கடைசியில் இந்தத் தொல்லைக்குப் பதிலாக ஊர் மொத்தமாக ஆண்டுக்கு 20 ஷில்லிங் செலுத்துவது என்று ஏற்பாடாயிற்று.

காற்று அதன் பிறகு சுதந்திரமாக இருந்ததா? இல்லை. காற்றாலை வருமானத்துக்கும் தசமபாகம் உண்டு என்று, 1191 முதல் 1198 வரை திருச்சபையை ஆண்ட பாப்பரசர் மூன்றாம் செலஸ்தீன் தீர்ப்பளித்தார். பிரபுக்களும் மடங்களும் தாங்களே காற்றாலைகளைக் கட்டி, நீராலைக்கு இருந்த கட்டாயத்தை இதற்கும் விரித்தார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் வழக்கு இன்னும் கடுமையாயிற்று. அங்கே 1330-களில் மடாதிபதி ரிச்சர்ட், வானியலில் பெரும் புலமையும் அற்புதமான கடிகாரம் ஒன்றை அமைத்த புகழும் உடையவர், ஊரார் வீட்டுத் திருகைகளைப் பறித்து, அந்தக் கற்களை மடத்துக் கூடத்தில் தளமாகப் பதித்தார். ஐம்பது ஆண்டுகள் ஊரார் அதை மறக்கவில்லை. 1381-இல் குடியானவர் கிளர்ச்சி வெடித்தபோது உள்ளே புகுந்து தளத்தைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, ஞாயிறன்று கோயிலில் மந்திரித்த ரொட்டியைப் பங்கிடுவதுபோல் ஆளுக்கொரு துண்டாக வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள்.

பரி மடமும் நிலைக்கவில்லை. 1539-இல் எட்டாம் ஹென்றி அரசர் காலத்தில் அது கலைக்கப்பட்டது. கற்கள் ஊர் வீடுகளுக்குப் போயின. மாபெரும் ஆலயத்தின் சிதைந்த சுவர்கள் இன்று பூங்காவின் நடுவே நிற்கின்றன. சாம்சனின் கோபமும் டீனின் பதிலும் உள்ள ஜோசலினின் கையெழுத்துப் பிரதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1840-இல்தான் அது முதன்முதலாக அச்சேறியது. ஊரின் தென்புறத்தில் ஹேபர்டன் இன்னும் அதே பெயரோடு இருக்கிறது. அங்கே நெடுங்காலமாக ரக்பி விளையாடுகிறார்கள். பந்தை உதைக்குமுன் ஆட்டக்காரர் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொள்கிறார்.