சிறகின் வேகமும் ஷட்டரின் வேகமும்

சிலாங்கூர் மாநிலத்தின் பூச்சோங் நகரிலும் அதற்குத் தெற்கே டெங்கில் வரையிலும் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்கள் பரவியிருந்தன. தொழில் ஓய்ந்தபின் தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கி ஏரிகள் உருவாக, அவற்றின் கரைகளில் நாணலும் கோரையும் வளர்ந்து நீர்ப்பறவைகளுக்கு இரையும் புகலிடமும் அளித்தன. பெர்ஹிலித்தான் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பிலுள்ள பாயா இண்டா சதுப்புநிலம் இவ்வகையைச் சேர்ந்தது. ஆழமற்ற நீரில் நடந்து இரைதேடும் செந்நாரை, சாம்பல் நாரை, சின்னக் கொக்கு முதலிய நெடுங்காற் பறவைகளைப் பறக்கும் நிலையில் படமெடுப்பதற்கு இத்தகைய நீர்நிலைகள் சிறந்த பயிற்சிக்களமாகும்.

பறத்தலைப் படத்தில் பதிக்கும் முயற்சி அறிவியல் ஆய்வாகவே தொடங்கியது. சிறகடிப்பின் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே காண விரும்பிய பிரெஞ்சு உடலியலாளர் எத்தியென்-ஜூல் மாரே, துப்பாக்கி வடிவில் அமைந்து நொடிக்கு 12 படங்களைப் பதிவு செய்யும் கருவியொன்றை 1882இல் உருவாக்கினார்.

இக்கலையின் அடிப்படை, ஒளி உள்ளே புகும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டரின் வேகமாகும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் கொக்கு, ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தால் அதற்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவதால் படம் கலங்குகிறது. 1/2000 நொடியிலோ அந்நகர்வு அரை சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. பறவையின் போக்கிற்கு இணையாகக் கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்தால் உடலின் நகர்வு பெரும்பாலும் ஈடுசெய்யப்படும் என்றாலும், உடலைவிட விரைந்து இயங்கும் சிறகு நுனிகள் தெளிவாகப் பதிய மிகுந்த ஷட்டர் வேகம் தேவைப்படுகிறது. நிதானமாகச் சிறகடிக்கும் நாரைக்கு 1/1000 நொடி பெரும்பாலும் போதும். விரைந்து திரும்பும் உள்ளானுக்கு 1/2000 நொடியோ அதனினும் குறைந்த நேரமோ வேண்டும். 400 முதல் 600 மில்லிமீட்டர் வரை குவியத் தூரமுடைய தொலைப்பட வில்லையும், நகரும் பறவையை இடைவிடாது பின்தொடர்ந்து தெளிவைச் சரிசெய்யும் தொடர் தன்னியக்கக் குவியமும் இதற்குத் துணைநிற்கின்றன.

எனினும், கருவியறிவைவிடப் பறவையறிவே முதன்மையானது. நாரைகள் பொதுவாகக் காற்றை எதிர்த்து எழுகின்றன, காற்றை எதிர்த்தே இறங்குகின்றன. ஆகவே காற்றும் கதிரவனும் தம் முதுகுப்புறம் இருக்குமாறு நிற்பவரை நோக்கியே, முகத்தில் ஒளி விழ, பறவை வருகிறது. கழுத்தை நிமிர்த்துவது, உடலை முன்சாய்ப்பது, காலை மடக்கித் தாழ்வது ஆகியவை எழப்போவதன் அறிகுறிகளாகையால் இவற்றை அறிந்தவர் முன்கூட்டியே ஆயத்தமாகிறார்.

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் அமைந்த இவ்வட்டாரத்தில் கதிரவன் விரைவாக உச்சியை நோக்கி ஏறிவிடுவதால் மென்மையான ஒளி காலையிலும் மாலையிலும் சிறிது நேரமே கிடைக்கிறது. கருமையான மரப்பின்னணியில் பறக்கும் வெண்கொக்கைப் படமெடுக்கும்போது, கேமரா காட்சி முழுவதையும் இருளாகக் கணித்து ஒளியளவை மிகைப்படுத்தும். இறகுகளின் நுண்வரிகள் வெளிறி மறையாதிருக்க அவ்வளவைக் குறைக்க வேண்டும். வெளிர்வானில் செல்லும் செந்நாரைக்கு மாறாகக் கூட்ட வேண்டும்.

படத்திற்காகப் பறவையை விரட்டி எழுப்புவது இக்கலைக்கே எதிரானது. கோல சிலாங்கூர்ச் சேற்றுக்கரைகளுக்கு வலசை வரும் உள்ளான்கள் அங்கே உண்டு சேர்க்கும் கொழுப்பே அவை வடக்கே திரும்பும் நெடும்பயணத்திற்கு ஆற்றல் தருவதால், வீணாக எழும் ஒவ்வொரு முறையும் அவற்றின் சேமிப்பு குறைகிறது. கூட்டிலிருந்து எழுப்பப்பட்ட நாரையின் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலுக்கும் காகங்களுக்கும் இரையாகக்கூடும். ஆகவே படமெடுப்போர் தொலைவைக் காத்துப் பொறுமையுடன் நின்று, பறவை தானாகப் பறக்கும் கணத்தை மட்டுமே பதிவுசெய்ய வேண்டும். அவ்வாறு எடுத்த படமே பறவையின் இயல்பை உண்மையாகக் காட்டும்.